நான் என் அப்பா இல்லை என்பதற்குச் சான்று

கூட்டுப் புகைப்படம் குறித்த விதி, விதிகளுக்குள்ளேயே சாதுவானது. ஓய்வூதியரும் வாழ்க்கைத்துணையும் ஒரே படத்தில் இருக்க வேண்டும். படம் ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். தலையில் தொப்பி கூடாது, கறுப்புக் கண்ணாடி கூடாது, இருவருடைய காதுகளும் தெரிய வேண்டும். பின்புறம் பெயரும் ஓய்வூதிய எண்ணும் எழுதி, சான்றொப்பம் வாங்கி அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். இதில் தவறு செய்ய வேண்டுமென்றால் ஒருவர் பாடுபட வேண்டும்.

நான் பாடுபடவில்லை. ஆனாலும் என் படம் திரும்பி வந்தது.

அந்தக் காலை நன்றாக நினைவிருக்கிறது. என் மனைவி எஸ்தர், பூப்போட்ட கோப்பையில், கீழே சாசரும் வைத்து, சாயா குடித்துக்கொண்டிருந்தாள். மழை விட்டிருந்தது. கொல்லையில் மட்டி வாழைக் குலையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. தபால்காரர் கொடுத்த உறையை அவளே பிரித்தாள். புதிதாக வாங்கிய கண்ணாடி ஃபிரேம், ஓரங்கள் பூனைக் காது மாதிரி மேலே தூக்கி நிற்கும். அதை மாட்டிக்கொள்ள அவளுக்குச் சாக்கு வேண்டும், அரசுக் கடிதமானாலும் சரி.

உரக்கப் படித்தாள். "'தாங்கள் சமர்ப்பித்த கூட்டுப் புகைப்படம் மிகவும் பழமையானதாகவும், தங்கள் பெற்றோருடையதாகவும் தோன்றுகிறது. எனவே திருப்பி அனுப்பப்படுகிறது.'"

கோப்பையைச் சாசரில் வைத்தாள். அதிராமல் வைத்தாள். அதுதான் எனக்குப் பயம்.

"இன்னா பாருங்க. பெற்றோருன்னா என்னது?"

"அப்பாவும் அம்மையும்."

"எனக்குத் தமிழ் தெரியும். இதுல அப்பா ஆரு?"

"நான்."

"அப்போ நான் உங்க அம்மையாக்கும்?"

இதற்கு என்ன பதில் சொல்வது என்று எந்தக் கையேட்டிலும் இல்லை. என் அம்மாவைப் பற்றி இந்தத் தொடரின் தொடக்க வாரங்களில் எழுதியிருக்கிறேன். அம்மாவும் எஸ்தரும் ஒரே கூரையின் கீழ் பதினாறு வருடம் இருந்தார்கள். மீன் குழம்புக்குத் தேங்காய் அரைப்பதிலிருந்து கோயிலில் பாட்டை எந்தச் சுருதியில் எடுப்பது என்பது வரை இருவருக்கும் ஒரு விஷயத்திலும் ஒத்துப்போனதில்லை. இப்போது அரசாங்கம், முத்திரையோடு, இருவரும் ஒருவரே என்று எழுதியிருந்தது.

விஷயம் இந்த இடத்துக்கு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

பணிமுறிவு

போன வருடம் எனக்கு நெஞ்சில் ஒரு சிறு குழாய் வைத்தார்கள். பெரிய விஷயமில்லை என்றார் டாக்டர். பெரிய விஷயமில்லை என்று சொல்வதற்கே அவர் ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டார்.

அதன் பிறகு மஸ்கட்டில் இருக்கும் மகள் வாராவாரம் தொலைபேசியில் ஒரே பேச்சு. "அப்பா, நீங்களும் அம்மாவும் ஒரு சிட்டி பிரேக் எடுங்க."

பிரேக் என்ற சொல்லுக்கு நான் அறிந்த பொருள் ஒன்றுதான்: பணிமுறிவு. அது வந்தால் பதவி உயர்வு போகும், சர்வீஸ் குறையும், பின்னர் மன்னித்து ஆணையிட ஒரு மேலதிகாரி வேண்டும். முப்பத்து நான்கு வருடம் அப்படி ஒன்று வந்துவிடாமல் பார்த்து நடந்தவனிடம், ஓய்வுக்குப் பிறகு முறிவு எடுக்கச் சொல்கிறாள்.

"முறிவு இல்லப்பா, ரெண்டு நாளு எங்கயாவது முறி எடுத்துத் தங்குங்க," என்றாள் மகள். எங்கள் பக்கத்தில் அறைக்கு முறி என்று பெயர். ஆக முறிவு எடுக்க முறி எடுக்க வேண்டும். புரிந்தது.

எஸ்தர் ஏற்கெனவே பெட்டி அடுக்கத் தொடங்கியிருந்தாள். அவளுக்குக் கொஞ்ச காலமாக ஒரு புதுப் பைத்தியம். புதுப் பைத்தியம் என்பதும் பிழை. பழைய பைத்தியம், புதுப் பெயர். மகள் அனுப்பும் படங்களிலிருந்து பெயரைப் பிடித்திருந்தாள்: விண்டேஜ். சாவி கொடுக்கும் கைக்கடிகாரம், மூடினால் டக்கென்று சத்தம் வரும் கைப்பை, பட்டாணி அளவு புள்ளி போட்ட சேலை, தோளில் பலூன் மாதிரி எழும்பி நிற்கும் பஃப் கை. மாலை நாலு மணிக்குச் சாயாவோடு ஒரே ஒரு துண்டு பிளம் கேக். இரண்டாவது துண்டு விண்டேஜ் ஆகாதாம்.

"இதெல்லாம் உனக்குக் கல்யாணத்தப்பவே இருந்ததுதானே," என்றேன்.

"இருந்துச்சி. உங்க அம்மை ரவிக்கையப் பாத்துட்டு 'இது என்ன, ரெண்டு தோளுலயும் பூசணிக்கா'ன்னு கேட்டா. அன்னைக்குப் பிரிச்சேன் கைய. இப்ப மறுபடியும் தைக்கப் போறேன்."

வடசேரியில் தையல்காரர் அளவெடுக்கும்போது நானும் உடனிருந்தேன். "எக்கா, இந்த மாடலு நான் தொழிலு படிக்கும்போ உள்ளதாக்கும்," என்றார் அவர். "அப்போ நல்லாத் தெரிஞ்சிருக்கும்லா, தையும்," என்றாள் எஸ்தர். கைக்குப் பதினாலு சுருக்கு. எண்ணி வாங்கினாள்.

கழிவு செய்யப்பட்ட தட்டச்சு இயந்திரம்

திருவனந்தபுரம் எங்களுக்கு ஒன்றரை மணி நேரம். அது வெளியூர் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. கண் ஆஸ்பத்திரிக்கும் விமானத்தில் வருபவர்களை அழைக்கவும் போகிற இடம். ஆஸ்பத்திரி வேலையோ விமான நிலைய வேலையோ இல்லாமல் அங்கே இறங்கியது அதுதான் முதல் முறை. ரயிலில் குழித்துறைப் பாலம் தாண்டும்போதே எஸ்தர் கைப்பையை இரண்டு முறை திறந்து மூடிவிட்டாள். திறக்க ஒன்றும் இல்லை. டக் கேட்க.

தங்கிய இடம் ஒரு பழைய வீடு. தேக்குக் கட்டில் ஏறுவதற்கு ஒரு படி போட்டிருந்தார்கள். சுவரில் வட்டமான கறுப்பு சுவிட்சுகள். எஸ்தர் விளக்கைப் போட்டாள், அணைத்தாள், போட்டாள். அந்தச் சத்தம் இப்போதைய சுவிட்சுகளில் இல்லையாம். நான் தீயணைப்புக் கருவியின் தேதியைப் பார்த்தேன். காலாவதியாகியிருந்தது. அதுவும் விண்டேஜ் போலும்.

மத்தியானம் ஒரு காபிக் கடைக்குக் கூட்டிப்போனாள். கடை முழுக்கப் பழைய பொருட்கள். நீலக் கரை போட்ட எனாமல் குவளையில் சாயா வந்தது. இதே குவளை எங்கள் வீட்டில் நெடுங்காலம் இருந்தது. குளியலறையில். அதிலிருந்து யாரும் எதையும் குடித்ததில்லை.

சுவரோரம் ஒரு மேசை மேல் தட்டச்சு இயந்திரம். கனத்த உடம்பு, தாள் சுற்றும் நீண்ட உருளை. பார்த்ததுமே தெரிந்தது, இது வீட்டில் பிறந்தது இல்லை, அலுவலகத்தில் வளர்ந்தது. எழுந்து போய், மெதுவாகச் சாய்த்து, அடியில் பார்த்தேன். இருந்தது: வெள்ளைப் பெயிண்டில் ஓர் இருப்புப் பதிவேட்டு எண், பாதி அழிந்து.

அரசுப் பொருள் ஒன்று கடைக்கு வர வேண்டுமென்றால், முதலில் பயனற்றது எனச் சான்று, பிறகு கழிவு உத்தரவு, பிறகு ஏலம், பிறகு பதிவேட்டில் சிவப்பு மையில் நீக்கம். இந்த நான்கும் நடந்திருக்குமா?

பரிமாறுகிறவர் வந்தார். "சாரே, எந்தா நோக்குந்நது?"

"இதுக்குக் கழிவு உத்தரவு உண்டா?"

அவர் உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில், நாங்கள் கேட்காத ஒரு தட்டு பழம்பொரி, சூடாக, மேசைக்கு வந்தது. என்னை ஏதோ சோதனைக்கு வந்த அதிகாரி என்று எடுத்துக்கொண்டார்கள்.

"இருந்து தின்னுங்க. ஊரே பாக்குது," என்றாள் எஸ்தர் பல்லுக்கிடையில்.

பணியில் இருந்தபோது மறுத்திருப்பேன். நடத்தை விதிகள் ஓய்வு பெற்றவருக்குப் பொருந்தா. இரண்டு தின்றேன். மொறுமொறுவென்ற மாவுக்குள் ஏத்தம்பழம், நேந்திரம்தான், தேனாக உருகியிருந்தது. டாக்டருக்கு இந்த வார இதழ் வருவதில்லை என்று நம்புகிறேன்.

முகத்தில் வெட்டம்

இரண்டாம் நாள் காலை புள்ளிச் சேலையும் பஃப் கையும் உடுத்து, எனக்கு என் கல்யாண டையைக் கட்டிவிட்டு, ஒரு சந்துக்குள் கூட்டிப்போனாள். பழைய காலத்துப் பாணியில் படம் எடுக்கும் ஸ்டூடியோ. பின்னால் திரையில் வரைந்த தூணும் மாடிப்படியும். ஒரு பிரம்பு நாற்காலி. மூன்று காலில் நிற்கும் மரக் கேமரா ஒன்று. அது வெறும் அலங்காரம். உண்மையான கேமரா படம் எடுப்பவர் கழுத்தில் தொங்கியது.

எஸ்தர் நாற்காலியில் அமர்ந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். ஒரு தொப்பியை நீட்டினார்கள். வேண்டாம் என்றேன். கேமராவைக் கண்டால் எனக்குத் தலை தானாக நிமிரும், இரண்டு காதும் சமமாகத் தெரியும்படி முகம் நிற்கும், உதடு மூடும். நாற்பது வருடம் அடையாள அட்டைகளுக்காகவே முகத்தை வைத்திருந்தவன் வேறெப்படி நிற்பான்?

எஸ்தரும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். அதற்குக் காரணம் நானே. எங்கள் கல்யாணப் படத்திலிருந்து எந்தப் படம் எடுத்தாலும் பக்கத்தில் நின்று "சிரிக்காத, நேரே பாரு, காது தெரியட்டு" என்று சொல்லிச் சொல்லி அவளைப் பழக்கியிருந்தேன். எங்கள் வீட்டு ஆல்பத்தில் அவள் முகம், காணாமற்போனோர் பட்டியலில் வருவது மாதிரி இருக்கும்.

படம் எடுப்பவர் கேமராவை இறக்கினார். "சேச்சி, முகத்தொரு வெட்டம் வரட்டே." வெட்டம் என்றால் வெளிச்சம், எங்கள் ஊரிலும் அதே சொல்தான். விளக்கைத் திருப்புவார் என்று பார்த்தால் திருப்பவில்லை. என்னைப் பார்த்தார்.

"சாரே, ஒரு ஃபைல் போல நிக்கல்லே." ஃபைல் மாதிரி நிற்காதீர்கள் என்கிறார்.

எஸ்தருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. "ஃபைலு! நாப்பது வருசமா இந்த வார்த்தையையாக்கும் நான் தேடிட்டு இருந்தேன்," என்று சொல்லிக்கொண்டே, தலையைச் சற்றே பின்னுக்குச் சாய்த்து, பஃப் கை இரண்டும் குலுங்க, கண் சுருங்க, பல் தெரியச் சிரித்தாள். அந்த நொடியில் எடுத்தார்.

பழுப்பு நிறத்தில், ஓரங்களைப் பிஸ்கட் மாதிரி வளைத்து வெட்டி, அட்டையில் ஒட்டிக் கொடுத்தார். எந்தப் படம் எடுத்தாலும் கூடவே சிறிய அளவில் ஆறு பிரதி வாங்கி வைப்பது என் வழக்கம். வாங்கினேன்.

ரயிலில் திரும்பும்போது எஸ்தர் அந்தப் படத்தை நாலைந்து முறை எடுத்துப் பார்த்தாள். பிறகு, யாரிடமும் சொல்வது போல் இல்லாமல், "கொள்ளாம்," என்றாள். எங்கள் பக்கத்தில் அதற்கு நன்றாயிருக்கிறது என்று பொருள்.

பூச்சி தின்ற பாதி

அடுத்த வாரமே வந்தது அறிவிப்பு. நான் வேலை பார்த்த துறையின் பெயரை இந்தத் தொடரில் எங்கும் சொல்லாமல் காத்துவருகிறேன்; அறிவிப்பு அனுப்பிய அலுவலகத்தின் பெயரையும் சொல்லப்போவதில்லை. ஓய்வூதியக் கோப்புகளைக் கணினியில் ஏற்றுகிறார்கள். என் கோப்பில் இருந்த கூட்டுப் படம் சேதமடைந்துவிட்டதால் புதிய படம் அனுப்ப வேண்டும். சேதத்துக்கு ஆதாரமாகப் பழைய படத்தின் நகலும் இணைத்திருந்தார்கள்.

பார்த்தேன். நான் முழுதாக இருந்தேன், இரண்டு காதோடு. பக்கத்தில் எஸ்தரின் முகம் இருந்த இடத்தைப் பூச்சி தின்றிருந்தது. ஒரு ஓட்டை, ஓட்டைக்குக் கீழே சேலைக் கரை. அந்த நிலவரப்படி நான் செத்தால் குடும்ப ஓய்வூதியம் அந்தச் சேலைக் கரைக்குத்தான் போகும்.

சிரிப்பாகத்தான் எழுதுகிறேன். ஆனால் அன்றிரவு தூக்கம் வரவில்லை. கணவன் இறந்த பெண்கள் ஓய்வூதிய அலுவலக ஜன்னலுக்கு முன்னால் எப்படி வந்து நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும். நான் ஜன்னலுக்கு உள்பக்கம் இருந்தவன். படம் பொருந்தவில்லை, பெயரில் ஒரு எழுத்து குறைகிறது, அடுத்த வாரம் வாருங்கள் என்று நானே சொல்லியிருக்கிறேன். விதிப்படிதான் சொன்னேன். எஸ்தருக்குச் சொந்தமாக வேறு வருமானம் கிடையாது. நெஞ்சிலுள்ள குழாய்க்கு டாக்டர் கால வரையறை எதுவும் எழுதித் தரவில்லை.

காலையில், "வா, டவுணுக்குப் போய் ஒரு படம் எடுத்திட்டு வருவோம்," என்றேன்.

"படம் இருக்குல்லா," என்றாள்.

"அது... அது வேற மாதிரி."

"எப்பிடி வேற மாதிரி? விதிய வாசியுங்க."

வாசித்தேன். இருவரும் ஒரே படத்தில்: சரி. ஆறு மாதத்துக்குள்: பத்து நாள்தான் ஆகிறது. தொப்பி: இல்லை. கண்ணாடி: கழற்றி வைத்திருந்தாள். காதுகள்: நான்கும் தெரிந்தன. படம் என்ன நிறத்தில் இருக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை. சிரிக்கக் கூடாது என்று தேடினேன். ஆச்சரியம், அப்படி ஒரு வரியே இல்லை. நாற்பது வருடமாக நானாகச் சேர்த்துக்கொண்டது.

பின்புறம் எழுதி, சான்றொப்பம் வாங்கி, பதிவுத் தபாலில் அனுப்பினேன். அதற்குத்தான் அந்தப் பதில்: தங்கள் பெற்றோர்.

யோசித்துப் பார்த்தால் அந்த எழுத்தரைக் குறை சொல்ல முடியாது. நம் ஊரில் பழுப்பு நிறத்தில் வயதான ஒரு தம்பதி, பின்னால் தூண், பிரம்பு நாற்காலி என்றால் அது யாருடைய வீட்டிலும் அப்பா அம்மாதான். மாலையும் சீரியல் பல்பும் மட்டும்தான் குறைவு.

படிவம் இல்லாத சான்றிதழ்

முறையாகப் பதில் எழுதினேன். படத்தில் உள்ளவர்கள் நானும் என் மனைவியுமே. விதியின் எந்த அம்சமும் மீறப்படவில்லை. நிறம் குறித்து விதி மௌனமாக உள்ளது. மூன்று பத்தி, இரண்டு பார்வைக் குறிப்பு. நல்ல கடிதம். இன்றைக்கும் படித்தால் எனக்குப் பிடிக்கிறது.

பதில் வந்தது: "படத்தில் உள்ளோர் தங்கள் பெற்றோர் அல்லர் என்பதற்குத் தகுந்த சான்று இணைத்து மறுசமர்ப்பிக்கவும்."

அதாவது, நான் என் அப்பா இல்லை என்று யாராவது எழுதித் தர வேண்டும்.

முதலில் கிராம அலுவலரிடம் போனேன். நல்ல மனிதர். நான் சொன்னதை முழுவதும் கேட்டார், பிறகு இன்னொரு முறையும் கேட்டார்.

"சாரே, வாரிசுக்குச் சான்று இருக்கு. இருப்பிடத்துக்கு இருக்கு. உயிரோட இருக்கியதுக்குக் கூட இருக்கு. 'நான் எங்க அப்பா இல்ல'ன்னு ஒரு படிவம் எனக்குத் தெரிஞ்சி வரலியே."

"விண்ணப்பம் வெள்ளைத்தாளில் கொடுக்கலாமா?"

"குடுக்கலாம். நான் விசாரணைக்கு வரணும். அக்கம்பக்கத்துல கேக்கணும், 'இவரு அவரு அப்பாவா'ன்னு. என்னைத்தான் கொண்டு போய் ஆஸ்பத்திரியில விடுவானுவ."

பிரமாணப் பத்திரம் எழுதலாமா என்று ஒரு நோட்டரியிடம் கேட்டேன். எழுதலாம், ஆனால் எனக்காக என் அப்பாவும் கையெழுத்திட்டால் வலுவாக இருக்கும் என்றார். அப்பா இறந்து நெடுங்காலம். அவர் இருந்திருந்தாலும் இதற்குக் கையெழுத்திட்டிருப்பாரா என்பது சந்தேகம்.

எல்லா நடைமுறையும் தெரிந்தவன் என்று ஊரில் எனக்குப் பெயர். பட்டா மாற்றத்துக்கும் பாஸ்போர்ட்டுக்கும் ஆட்கள் என்னிடம் வந்து கேட்டுப் போவார்கள். அப்படிப்பட்டவன் முதல் முறையாகப் படிவம் இல்லாத ஓர் இடத்தில் நின்றேன்.

பக்கத்து வீட்டு டேவிட்சன், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், மதில் மேல் கை வைத்துக்கொண்டு சொன்னார்: "ஓய், கலர்ல ஒண்ணு எடுத்துக் குடுத்துட்டு சோலியப் பாரும். பத்து நிமிச வேலை."

பத்து நிமிட வேலைதான். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. உள்ளே போய் எஸ்தரிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"எடுக்க மாட்டேன்."

"ஏட்டி, உனக்காகத்தான் சொல்லுதேன். நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சின்னா..."

"அதுக்காகத்தான் நானும் சொல்லுதேன்." தண்ணீரை வடித்தாள். "நீங்க எடுத்த படத்துல எல்லாம் நான் திருடி அம்பிட்டவ மாதிரி இருக்கேன். ஒண்ணே ஒண்ணுலதான் நான் நானா இருக்கேன். நீங்க போன பொறவு அந்த ஆபீசு ஜன்னலு முன்ன நிக்கப் போறவ நானாக்கும். அன்னைக்கு எனக்குச் சிரிப்பு வராது. ஃபைலைத் தொறக்கப்பட்டவன், நான் சிரிச்சிட்டு இருந்ததையாவது பாக்கட்டு."

களைந்த அரிசியை அடுப்பில் வைக்கப் போய்விட்டாள்.

 

நேரில் ஆஜர்

மறுநாள் காலை எஸ்தர் புள்ளிச் சேலையும் பஃப் கையுமாக வந்து நின்றாள். "டையைக் கெட்டுங்க. ஆபீசுக்குப் போறோம்."

"நேரில் வருவதற்கு விதியில் இடமில்லை."

"வரப்பிடாதுன்னு இருக்கா?"

இல்லை. விதி மௌனமாக இருந்தது.

டவுண் பஸ்ஸில் கண்டக்டர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "எங்கயாக்கும், சினிமா ஷூட்டிங்குக்கா?"

"சர்க்காரு ஆபீசுக்கு. ரெண்டும் ஒண்ணுதான்," என்றாள் எஸ்தர்.

மாடியில் மூன்றாவது அறை. எழுத்தர் செல்வின், நாற்பது வயதிருக்கும், திரையிலிருந்து தலை தூக்கினார். எஸ்தர் கைப்பையை டக்கென்று திறந்து, படத்தை எடுத்து மேசையில் வைத்தாள். பிறகு அவருக்கு எதிரே கிடந்த நாற்காலியை, படத்தில் உள்ள கோணத்துக்குச் சற்றே திருப்பிப் போட்டு, உட்கார்ந்தாள்.

"மக்கா, இதுல இருக்கப்பட்டவ நான். இவரு எனக்க வீட்டுக்காரரு. இவருக்க அம்மை செத்துப் பத்து வருசத்துக்கு மேல ஆச்சி. நல்லாப் பாத்துக்கோ."

செல்வின் படத்தைப் பார்த்தார். எஸ்தரைப் பார்த்தார். என்னைப் பார்த்து, "சார், நீங்க இந்தத் துறைல இருந்தவருதானே, நீங்களே சொல்லுங்க. ஆளு நேர்ல வந்தத ஏத்தியதுக்கு கம்ப்யூட்டர்ல கட்டம் இல்ல," என்றார்.

"தெரியும்," என்றேன். உண்மையிலேயே தெரியும்.

அதற்குள் பக்கத்து மேசைகளிலிருந்து நான்கைந்து பேர் கூடிவிட்டார்கள். கண்காணிப்பாளர் லதா மேடமும் எழுந்து வந்தார். கண்டிப்பானவர் என்று பார்த்தாலே தெரிந்தது. படத்தைக் கையில் எடுத்தார்.

"இந்தக் கைக்கு எத்தனை சுருக்கு?"

"பதினாலு," என்றாள் எஸ்தர்.

"எங்க தச்சீங்க?"

வடசேரி விலாசம் சொல்லப்பட்டது. இரண்டு பேர் குறித்துக்கொண்டார்கள். ஸ்டூடியோ இருக்கும் சந்து கேட்கப்பட்டது. அதுவும் குறிக்கப்பட்டது. ஓர் அரசு அலுவலகத்தில் ஒரு தகவல் அவ்வளவு வேகமாகப் பதிவானதை என் சர்வீஸில் பார்த்ததில்லை.

செல்வின் தொண்டையைச் செருமினார். "மேடம், ஃபைலு."

லதா மேடம் நிமிர்ந்தார். "அம்மா, ஒண்ணு சிரிங்க. பாக்கட்டும்."

"சும்மா சிரிக்கச் சொன்னா எப்பிடி வரும்?"

"அப்ப சார், நீங்க படத்துல நிக்கிய மாதிரிப் பக்கத்துல நில்லுங்க."

நின்றேன். தலை தானாக நிமிர்ந்தது. காதுகள் தத்தம் இடத்துக்கு வந்தன. உதடு மூடியது. அலுவலகமே என்னைப் பார்த்தது. எஸ்தர் மெல்லத் தலையைத் திருப்பி என்னை ஏறிட்டாள்.

அவ்வளவுதான். அதே சிரிப்பு. தலை பின்னுக்குச் சாய்ந்து, இருபத்தெட்டுச் சுருக்கும் குலுங்கி, கண் சுருங்கி. செல்வினுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. லதா மேடம் மட்டும் சிரிக்காமல், படத்தையும் எஸ்தரையும் மாறி மாறிப் பார்த்தார், ஒரு கையெழுத்தை ஒப்பிடுவது போல.

"சரி, போயிட்டு வாங்க. பாத்துக்கிடலாம்," என்றார்.

எஸ்தர் வெற்றியோடு படி இறங்கினாள். 'பாத்துக்கிடலாம்' என்ற சொல்லை நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பொருள், பார்க்கப்போவதில்லை.

இடையில் ஒரு வாயு

ஒரு மாதம் ஒன்றும் வரவில்லை. நினைவூட்டுக் கடிதம் ஒன்று தயாரித்தேன். எஸ்தர் அதன் மேல் சாசரை வைத்து வட்டமாகக் கறை செய்தாள். "அந்த மேடம் சிரிக்காமப் பாத்தாங்கல்லா. அவங்க செய்வாங்க," என்றாள். சிரிப்பவர்களை நம்பலாகாது, சிரிக்காமல் பார்ப்பவரை நம்பலாம் என்பது அவள் கட்சி. என்னோடு வாழ்ந்து வந்த ஞானமாக இருக்கலாம்.

இரண்டாம் மாதம் ஒரு பின்மதியம் எனக்கு நெஞ்சில் பிடித்தது. ஆட்டோவில் போகும்போது வலியைப் பற்றி நினைக்கவில்லை. ஓட்டையையும் சேலைக் கரையையும்தான் நினைத்தேன். எஸ்தர் என் கையைப் பிடித்திருந்தாள்.

டாக்டர் சோதித்துப் பார்த்து, வாயு என்றார். என்ன தின்றீர்கள் என்று கேட்டார். எஸ்தர் வீட்டிலேயே ஏத்தம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரிக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். நான் பதில் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. கூட்டு மௌனம்.

அதற்குப் பிறகு அவளே ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே, "வேணும்னா கலர்ல ஒண்ணு எடுப்போம்," என்றாள். குரல் சிறிதாக இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

"வேண்டாம்," என்றேன். "விதிப்படி அந்தப் படம் சரி. அதுதான் இருக்கும்."

பதில்

உறை மெலிந்திருந்தது. மெலிந்த உறையில் நல்ல செய்தி வருவதில்லை என்பது என் அனுபவம். நானே பிரித்தேன், கண்ணாடி போட்டுக்கொண்டு எஸ்தர் தோளுக்கு மேலே எட்டிப் படித்தாள்.

"பார்வையில் கண்ட தங்கள் கடிதங்கள் தொடர்பாக, தாங்கள் சமர்ப்பித்த கூட்டுப் புகைப்படம் ஏற்கப்பட்டுக் கணினியில் பதிவேற்றப்பட்டுள்ளது. படத்தில் காணப்படுபவர் ஓய்வூதியரின் மனைவி என்பதும், தாயார் அல்லர் என்பதும் நேரில் சரிபார்த்து உறுதி செய்யப்பட்டது."

கீழே லதா மேடத்தின் கையொப்பம்.

எஸ்தர் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி இரண்டாவது வாக்கியத்தை மட்டும் மூன்று முறை படித்தாள்.

"சீலு இருக்கா?"

"இருக்கு."

"நாளைக்கு நாலு நகல் எடுக்கணும்."

"நாலு எதுக்கு?"

"ஒண்ணு உங்க அக்காவுக்கு. 'எஸ்தரு இப்ப அம்மைய மாதிரியே ஆயிட்டா'ன்னு கோயில்ல எல்லாருட்டயும் சொல்லிட்டு நடக்குதால்லா. சர்க்காரு என்ன சொல்லுதுன்னு வாசிக்கட்டு."

நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். அரசாங்கத்தின் நினைவில் இனி அவள் சிரித்துக்கொண்டிருப்பாள், பக்கத்தில் நான் ஒரு ஃபைலாக நின்றுகொண்டிருப்பேன்.

"ஏட்டி, இனி நான் எப்ப வேணும்னாலும் நிம்மதியாப் போகலாம்."

"போங்க," என்றாள் எஸ்தர், கடிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "சாயா போட்டிருக்கு, குடிச்சிட்டுப் போங்க."

குடித்தேன். பிறகு வீட்டுத் தபால் பதிவேட்டைத் திறந்து வரிசை எண் போட்டேன். மேல்நடவடிக்கை என்ற பத்தியில் எழுத ஒன்றும் இல்லை; ஒரு கோடு மட்டும் இழுத்தேன். வரவு நாள் என்ற பத்தியில் எழுதினேன்: மாசி இருபத்தொன்று, வெள்ளிக்கிழமை, முற்பகல்.